கால்வாய் வெட்டும் முன் தெருவைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய மழைநீர்க் கால்வாய், வீட்டு வாசலைவிட ஒரு முழம் உயரமாக நிற்கிறது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் கால்வாய்க்குள் போவதில்லை, வீட்டுக்குள் வருகிறது. எது மேடு, எது பள்ளம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேலை தொடங்கும் முன் ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை.

தோண்டும்போது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயும் உடைந்தது. அதைச் சரிசெய்யும்வரை போர் தண்ணீரைத்தான் குடித்தோம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தானே தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் அந்தத் திட்டமே வந்தது? பிள்ளைகளின் பல்லில் கறை படிந்த காலத்தை நாங்கள் மறக்கவில்லை.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். அப்புறம் அந்த மனு, வேலையைச் செய்த அலுவலகத்துக்கே வந்தது. 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில். சரி, எப்போது?

பக்கத்துக் கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து நின்று கேட்கலாம். நகர்ப்புறத்துக்கும் பகுதி சபை என்று 2022-ல் விதி வந்துவிட்டது. அதைத் தவறாமல் கூட்ட வேண்டும். டெண்டர் விடும் முன்பே வரைபடத்தையும் மதிப்பீட்டையும் தெருமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எங்கள் கால்வாயை அடுத்த மழைக்குள் தாழ்த்திக் கட்டித் தர வேண்டும்.

– ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்