நீலகிரிக் காட்டுப்புறாவைக் காட்டித் தந்தவர்களுக்கு நன்றி

கோத்தகிரியின் லாங்வுட் சோலையில் மார்ச் முதல் ஜூலை வரை நீலகிரிக் காட்டுப்புறாக்களைக் கவனித்துக் குறிப்பெடுக்க உதவிய அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி, உடன் வந்த வனக் காவலர் அண்ணனுக்கு. "ஹூ" என்று ஓங்கி எழுந்து, பின் அடுக்கடுக்காகத் தாழ்ந்து ஒலிக்கும் புறாவின் குரலை, முதல் வாரம் முழுவதும் கருமந்தியின் குரலென்றே குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்தும் அவர் சிரிக்கவில்லை. மறுநாள் விடியலில் ஒரு மரத்தடியில் என்னை உட்கார வைத்து, மேலிருந்து பழம் உதிரும் சத்தத்தை மட்டும் கேட்கச் சொன்னார். அண்ணாந்தபோது சாம்பல் தலையும் செம்பழுப்பு முதுகும், பிடரியில் சதுரங்கப் பலகையைச் சிறிதாக்கி ஒட்டியதுபோன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்களும் தெரிந்தன. மாடப்புறாவைவிடப் பெரிய, ஏறத்தாழ 40 செ.மீ. நீளமுள்ள பறவை இலைகளுக்குள் இத்தனை எளிதாக மறைவது எனக்கு இன்னமும் வியப்புதான்.

அது முழுதாக விழுங்கும் பழங்களையும், அப்படி விழுங்குவதால் சோலையெங்கும் பரவும் விதைகளையும் கொண்டு, மரங்கள் பெரும்பாலும் இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று பொறுமையாக இனங்கண்டு தந்த தாவரவியல் ஆசிரியருக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன்.

கூட்டை முதலில் கண்டவர்கள், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காமார். நாலைந்து சுள்ளிகளை ஏனோதானோவென்று அடுக்கியதுபோன்ற அந்தத் தட்டில் இருந்தது ஒரே ஒரு வெள்ளை முட்டை. இந்த இனம் ஒரு முறைக்கு ஒன்றுதான் இடும். அதனால்தான், எவரிடமும் சொல்லாமல், விறகுக்குப் போகும் பாதையையும் தாங்களாகவே மாற்றிக்கொண்ட அவர்களின் உதவியை எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையையும் நந்தி மலை போன்ற சில குன்றுகளையும் தவிர வேறெங்கும் இல்லாத இப்பறவை, சோலைகள் தேயிலைக்கும் தைல மரத்துக்கும் சீகை (வாட்டில்) மரத்துக்கும் இடம்விட்டதால் ஒடுங்கிப்போய், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

குஞ்சைப் படமெடுக்க ஆசைப்பட்டும் கிட்டே போகாமல் திரும்பிய நண்பருக்கும் நன்றி. இரவல் தந்த இருநோக்கியை அவரிடம் சேர்த்துவிட்டேன். அதன் இடக்கண் ரப்பர் வளையம் மட்டும் சோலையில் எங்கோ கிடக்கிறது, பொறுத்தருள வேண்டும்.