மாவட்ட மக்களின் நோய்த்தேவைக்கேற்பச் செவிலியர் பணியிடங்களை மறுநிர்ணயம் செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: அரசு மருத்துவமனைகளில் செவிலியர் பணியிடங்களைக் கணக்கிடும் முறையை மாற்றியமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். செவிலியர் பற்றாக்குறை பற்றித் தங்களுக்குப் பல மனுக்கள் வந்திருக்கும்; இம்மனு அப்பணியிடங்களை நாம் எண்ணும் முறையைப் பற்றியது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று படுக்கைகளுக்கு ஒருவர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து படுக்கைகளுக்கு ஒருவர், இவற்றுடன் விடுப்புக்கென 30 விழுக்காடு கூடுதல் என்பது இந்தியச் செவிலியர் குழுமத்தின் அளவுகோல். 30 படுக்கை கொண்ட வார்டுக்கு முன்பு 6 பேர் போதுமென்றால், அதே கட்டடம் கல்லூரி மருத்துவமனையான பின் 10 பேரும், விடுப்புக்கு மேலும் 3 பேரும் தேவை. 2022 ஜனவரி 12 அன்று விருதுநகர், நாமக்கல், அரியலூர், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட 11 மாவட்டங்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்ட நிலையில், அங்கெல்லாம் இக்கணக்கு வார்டு வாரியாகத் திருத்தப்பட்டுள்ளதா என்று தாங்கள் ஆய்வு செய்ய வேண்டும்.

அளவுகோல் படுக்கையைத்தான் எண்ணுகிறது. நோயாளியோ தரையிலும் படுத்திருக்கிறார். நான் பணியாற்றிய மருத்துவமனை ஒன்றில், 30 படுக்கை கொண்ட பெண்கள் வார்டில், இரவுப் பணியேற்கையில், வார்டிலுள்ள நோயாளிகளின் எண்ணிக்கையைப் பதியும் சென்சஸ் நோட்டில் 47 என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். பாய் விரித்த பதினேழு பேருக்குக் குளுக்கோஸ் பாட்டிலை மாட்ட ஸ்டாண்டு இல்லாததால், ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு விடியும்வரை தனியாளாகச் சுற்றி வந்தேன். மறுநாள் மேலிடத்துக்குப் போன அறிக்கையில் அந்த வார்டின் படுக்கை 30, செவிலியர் காலியிடம் இல்லை.

காலியிடம் இல்லை என்னும் இச்சொல்லே பல உண்மைகளை மறைத்துவிடுகிறது. நிரந்தரப் பெண் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பை அரசு 2021 ஜூலை முதல் 12 மாதமாக உயர்த்தியது எங்கள் துறையே மனமாரப் பாராட்டிய ஆணை; ஆனால் பெண்களே மிகுந்த இப்பணியில், ஓராண்டு விடுப்பில் செல்பவரின் இடம் ஏட்டில் நிரம்பியே இருக்க, அவருடைய வேலை மீதமுள்ளவர்களின் வார விடுமுறையைத் தின்கிறது. மாற்றுப்பணியில் அனுப்பப்படுவோரின் நிலையும் இதுவே.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் என்ற ஏற்பாடு, 24 மணி நேரமும் பிரசவம் பார்ப்பதற்காக வந்தது; அது நல்ல பலனும் தந்தது. ஆனால் தமிழகத்தில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 1.8 ஆகக் குறைந்துள்ளதாக 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே மாநிலத்தில் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்திருந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இம்மாற்றத்தை உணர்ந்து வீட்டு வாசலுக்கே சென்றது. பணியிட ஆணைகள் இன்னும் பிரசவ அறையைத் தாண்டவில்லை. சர்க்கரை நோய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும், வாதம் வந்து படுத்த முதியவரைப் புரட்டிப் படுக்க வைக்க வீட்டாருக்குக் கற்றுத்தருவதும் நேரம் பிடிக்கும் வேலைகள்.

எனவே, கடந்த மூன்றாண்டுகளின் நள்ளிரவு நோயாளி எண்ணிக்கையைக் கொண்டு வார்டு வாரியாகப் பணியிடங்களை மறுநிர்ணயம் செய்யவும், விடுப்புக்கான பணியிடங்களைத் தனித் தலைப்பில் அனுமதிக்கவும், மாவட்டந்தோறும் முதியோர், நாட்பட்ட நோயாளர் எண்ணிக்கையை வைத்து அடுத்த பத்தாண்டுத் தேவையைக் கணக்கிடவும் வேண்டுகிறேன். செவிலியர் பட்டப்படிப்பு நான்காண்டு என்பதால் இக்கணக்கைத் தள்ளிப்போட இயலாது. தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்போரைக் காலமுறை ஊதியத்திற்குக் கொண்டுவராமல் எந்தத் திட்டமும் நிலைக்காது. அனுபவம் சேர்ந்த கை வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிடும்.

நேரில் அழைத்தால், கைவசமுள்ள என் குறிப்பேடுகளுடன் விளக்கமளிக்க ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)