கால் போனால் பட்டாளமும் போக வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

படுகாயமடைந்த வீரர்களைப் பணியில் வைத்திருப்பது அவர்களுக்கும் கஷ்டம், பக்கத்தில் நிற்கிறவருக்கும் ஆபத்து, பென்சனைக் கொடுத்து மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எல்லைக்கோட்டு ரோந்துக்கும் சியாச்சினுக்கும் அவர் சொல்வது சரிதான். நானும் பட்டாளத்தில் இருந்தவன், மறுக்கமாட்டேன். ஆனால் பட்டாளம் என்ன ரோந்து மட்டுமா? சிக்னல், ஸ்டோர், ரெக்கார்டு ஆபீஸ், வெலிங்டனில் புதுப் பையன்களுக்குப் பயிற்சி, இப்போது ட்ரோன் வேறு. இதில் எத்தனை வேலைக்கு இரண்டு காலும் வேண்டும்?

1971 போரில் கண்ணிவெடியில் சிதைந்த காலைத் தன் குக்ரிக் கத்தியாலேயே வெட்டிக்கொண்டவர் இயான் கார்டோசோ. செயற்கைக் காலோடு பட்டாலியனை நடத்தி, மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். 1965 போரில் காலை இழந்த விஜய் ஓபராய் தரைப்படையின் துணைத் தளபதி வரை உயர்ந்தார். பாவம் என்று யாரும் இவர்களை வைத்துக்கொள்ளவில்லை, முடியும் என்று காட்டித்தான் பதவியை வாங்கினார்கள்.

சரி, இவர்கள் அதிகாரிகள். நாங்குநேரிப் பக்கத்துச் சிப்பாய்க்கு? அவர் உடம்புக்குத் தோதான வேலை யூனிட்டில் இருந்தால் தொடரலாம், இல்லை என்று எழுதிவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த 'இல்லை'யை நிஜமாகவே தேடிப் பார்த்து எழுதினார்களா என்று கேட்க ஆளில்லை. பணிக்காலத்தில் ஊனமடைந்த அரசு ஊழியரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 20வது பிரிவு, ஆனால் பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப் மாதிரியான மத்தியப் படைகளின் சீருடைப் பணியிடங்களுக்கு 2021இல் மத்திய அரசு அதிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. நாலு வருஷத்துக்கு மட்டும் சேர்க்கப்படும் அக்னிவீரர் பாடு இன்னும் மோசம். 100 சதவீத ஊனம் என்றால் ஒரே தடவையாக 44 லட்சம், பென்சன் கிடையாது. இருபத்தோரு வயதுப் பையனுக்கு அதை வைத்து எத்தனை வருஷம் ஓடும்?

பென்சன் கிடைத்தவர்கள் மட்டும் சும்மாவா இருக்கிறார்கள்? பட்டாளத்தில் நிற்க முடியாது என்று அனுப்பப்பட்ட ஆள் பாளையங்கோட்டையில் ஏடிஎம் வாசலில் ராத்திரி முழுக்க நிற்கிறார், அதுவும் பழைய யூனிஃபார்ம் மாதிரியே ஒரு உடுப்பில். இதை மரியாதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லாரையும் கட்டாயமாக வைத்திருக்கச் சொல்லவில்லை. போதும், ஊருக்குப் போகிறேன் என்பவரை முழுப் பலனோடு அனுப்புங்கள். இருக்கிறேன் என்பவரிடம் மெடிக்கல் போர்டு முதலில் என்ன முடியும் என்று கேட்கட்டும். அவர் யூனிட்டில் இடமில்லை என்றால் மற்ற யூனிட்டுகளிலும் தேடட்டும். அப்படியும் வேலை இல்லை என்றால், எங்கெங்கே தேடினோம், ஏன் இல்லை என்று எழுத்தில் அவர் கையில் கொடுக்கட்டும், அப்பீலுக்குப் போக அவருக்கு அந்தக் காகிதமாவது வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார் ஒருவர்,
அம்பாசமுத்திரம்