குளம்போல் கிடக்கும் கடலை நம்ப வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுரையிலிருந்து மண்டபம் போய்ப் பாய்மரப் படகேறிய ஒரு கணவன், மனைவியின் அனுபவத்தை ஞாயிறு இணைப்பில் வெளியிட்டிருந்தீர்கள். காலையில் அலையே இல்லை, மூன்று மணிக்குக் கடல் திடீரெனக் கொந்தளித்தது, மீனவர்கள் கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தார்கள் என்று இருந்தது. இருவரும் பத்திரமாகத் திரும்பியதில் மகிழ்ச்சி. ஆனால், கடல்மேல் பழியைப் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால், அடுத்த வாரம் இன்னொரு தம்பதி அதே இடத்தில், அதே நேரத்தில் படகு இறக்குவார்கள்.

நேரத்திலிருந்தே கோளாறு தொடங்குகிறது. காலை ஆறு மணிக்கு மதுரையில் காரை எடுத்து, பரமக்குடியில் டிபன் முடித்து, மண்டபம் சேர்ந்து படகில் ஏறப் பத்து மணியாகிவிடும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் அதன் உச்சம். முந்தின இரவே போய்த் தங்கி, விடிந்ததும் இறங்கி, பத்து மணிக்குள் கரையேறிவிடுவதுதான் சரி. தூங்கி எழுந்து சாவகாசமாகப் போக இது கொடைக்கானல் ஏரி அல்ல.

அடுத்தது திசை. மண்டபத்தில் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வைகாசி பிறந்து தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் சீறும். வடகடலோ கரையோரத்தில் குளம்போல் கிடக்கும். அதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். காற்று அங்கே நிலத்திலிருந்து கடலுக்குள் போகிறது. அலை எழும்பக் காற்று நீர்மேல் கொஞ்ச தூரமாவது ஓட வேண்டும். கரையை ஒட்டி அந்த ஓட்டம் இல்லை, அதனால் அலையும் இல்லை. ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே போன பிறகுதான் உண்மை தெரியும். பாக் நீரிணை ஆழம் குறைந்தது என்பதால் அலைகள் நீண்டு உருளாமல், குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படகுக்குள் தண்ணீர் அடிக்கும். போகும்போது காற்று முதுகில் படுவதால் அதன் வேகம் பாதியாகத்தான் உறைக்கும். திரும்பும்போது அது முகத்தில். பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, வலமும் இடமுமாக மாறி மாறித்தான் வர வேண்டும். அரை மணியில் போன தூரத்தைத் திரும்பக் கடக்க ஒன்றரை மணிகூட ஆகலாம். எஞ்சினும் நின்றுபோனால் படகு கரையை விட்டு விலகி, சர்வதேச எல்லைக் கோட்டுப் பக்கம் மிதந்து போகும். ஐப்பசிக்குப் பிறகு வாடை வீசும்போது எல்லாம் தலைகீழ்: வடகடல் சீறும், தென்கடல் சாதுவாகத் தெரியும்.

பாம்பனில் கூண்டு ஏற்றவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது தாழ்வு மண்டலம், புயல் போன்றவற்றுக்காக. ஒரு மணி நேர இடிமழைக் காற்றுக்கு யாரும் கூண்டு ஏற்றப்போவதில்லை. அந்த இடிமேகம் பெரும்பாலும் மேற்கே, மலைப் பக்கமும் மதுரைப் பக்கமும் திரண்டு மாலையில் கிழக்கே நகர்வது. எனவே கடலைப் பார்க்காமல் கரைப் பக்க வானத்தைப் பாருங்கள். வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்று, பிறகு மேகத்தின் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தால் நேரம் மிகக் குறைவு. அந்தக் காற்றின் முகப்பு எட்டு கிலோமீட்டர் தொலைவில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், உங்களை அடைய 12 நிமிடம். அந்த 12 நிமிடத்தைப் போட்டோ எடுப்பதில் கழிக்கிறார்கள்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின்மேல் விழும் விசை நான்கு மடங்காகும். ஆகவே பாயைச் சுருக்கலாமா என்று தோன்றும் கணமே சுருக்கிவிட வேண்டும். இடிமேகம் என்றால் முழுதாக இறக்கிக் கட்டிவிட வேண்டும். காற்று அறைந்த பிறகு, பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிறு கப்பியில் இறுகிப் பாய் கீழே வராது. இறக்க முடியாமல் போனால் தாமானை, அதாவது பாயின் கீழ் முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, விட்டுவிடுங்கள். பாய் படபடக்கும், கிழியவும் கிழியலாம், படகு கவிழாது. தாமானைச் சுக்கான் பக்கத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டிவைப்பதுதான் பல படகுகள் கவிழக் காரணம். கையில் பிடித்திருக்க வேண்டும், அல்லது ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்க வேண்டும்.

இருவர் மட்டும் போகும் படகில் இன்னொரு ஆபத்து. பெரும்பாலும் ஒருவருக்குத்தான் ஓட்டத் தெரியும், மற்றவர் பயணி. தெரிந்தவர் தண்ணீரில் விழுந்தால்? கரையை விடுமுன் மற்றவரும் மூன்று காரியங்களைச் செய்து பார்த்திருக்க வேண்டும்: தாமானை விட்டுப் படகை நிறுத்துவது, எஞ்சினை அணைப்பது, விழுந்தவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் மிதப்பு ஒன்றை வீசுவது. விழுந்தவரை நெருங்கும்போது எஞ்சின் ஓடக்கூடாது. நனைந்த ஆளைக் கையால் தூக்கி ஏற்ற முடியாது; கால் வைக்க ஒரு கயிற்று வளையம் பக்கவாட்டில் தொங்கவிடத் தயாராக இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கடியில் வைத்திருப்பதால் பயனில்லை. ஆடும் படகில் அதைப் போடவே முடியாது. 100 நியூட்டன் மிதப்புள்ளதை, தொடை வார் உட்படக் கரையிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.

நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது, காற்றில் ஏழு மடங்கு. காற்றடிக்கும்போது மூன்று மீட்டர் ஆழத்துக்கு 21 மீட்டர் வேண்டும். அதை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் கட்டினால் அலை நேராகப் படகுக்குள் ஏறிவிடும். தென்கடல் என்றால், ஒதுங்கலாம் என்று தீவுகளைத் தேடி ஓடாதீர்கள். சுற்றிலும் பவளப்பாறை, அலை அங்கேதான் உடையும். 21 தீவுகளும் தேசியப் பூங்காவில் அடங்கியவை, அனுமதியின்றி இறங்கவும் கூடாது.

எஞ்சின் கொந்தளிப்பில்தான் நிற்கும். டேங்க் அடியில் தங்கிய கசடு குலுங்கிக் கலங்கி ஃபில்டரை அடைத்துவிடுகிறது. டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்காமல் விட்டாலும் சில நிமிடம் ஓடிவிட்டு நின்றுபோகும். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. படகு கவிழ்ந்தால் நீந்தக் கிளம்பாதீர்கள், படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டையும் கிளம்புமுன்பே போனில் பதிந்துகொள்ளலாம்.

தங்களுக்கு ஒரு கோரிக்கை. வைகை, பெரியாறு அணைகளின் நீர்மட்டத்தைத் தவறாமல் வெளியிடுகிறீர்கள். சனிக்கிழமைப் பதிப்பில் மட்டுமாவது அதன் பக்கத்தில் வடகடல், தென்கடல் இரண்டுக்கும் தனித்தனியாக மறுநாள் காற்றும் அலை உயரமும் போடுங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும், சராசரி வேகத்தோடு இடையிடையே அடிக்கும் உச்ச வேகத்தையும் சேர்த்துப் போட வேண்டும். அலை உயரத்துக்குக் கீழே, தனி அலை ஒன்று அதைப்போல் இரு மடங்கு வரை எழலாம் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தால் போதும்.

இப்படிக்கு,
பாய்மரப் படகோட்டும் வாசகர்,
கே.கே. நகர், மதுரை.