கணினிப் பெட்டிக்குள் காற்றுக்கு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

உதிரிப்பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கணினி பூட்டிக்கொள்ளும் வழக்கம் யாழ்ப்பாணத்து இளைஞர்களிடையே நன்றாக வேரூன்றிவிட்டது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிய நாள் முதல், பழுதான ஒரு பாகத்தை மாற்றுவதுகூட ஒரு குடும்பத்துக்குப் பெருஞ்செலவாகியிருக்கிறது. அப்படியிருந்தும், அந்தப் பாகங்களை வெப்பத்திலிருந்து காப்பதில் நாம் போதிய கவனம் செலுத்துவதில்லை என்பது என் கவலை.

மத்தியானத்துக்குப் பின்னர் கணினி இழுபடுகிறது, விளையாட்டின் நடுவே தானாக நின்றுவிடுகிறது என்ற முறைப்பாடு பங்குனி பிறந்தவுடனேயே தொடங்கிவிடும். அதற்கு இங்கே வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து இரண்டு. ஒன்று, பக்க மூடியைக் கழற்றிவிட்டு நிலவிசிறியைத் திருப்பி வைப்பது. மற்றது, விலைகூடிய திரவக் குளிர்விப்பானை வாங்குவது. நம் ஊர்ச் சூழலில் இவ்விரண்டுமே முதலில் செய்ய வேண்டியவை அல்ல. காசு செலவழிக்க முன்னர், பெட்டிக்குள் காற்று எவ்வழியாக வந்து எவ்வழியாகப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

காற்றைக் கொண்டு குளிர்விக்கும் எந்தச் சாதனமும், கணினியின் மூளையான புரொசசரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. திரவக் குளிர்விப்பானும் ஈற்றில் தன் வெப்பத்தை அறைக் காற்றிடந்தான் கொடுக்கிறது. 22 அல்லது 23 பாகை செல்சியஸ் அறையில் செய்து காட்டப்படும் சோதனையை நம்பி நாம் குளிர்விப்பானைத் தெரிவுசெய்கிறோம். ஆனால் சீற் போட்ட நம் வீடுகளில் சித்திரை மாதப் பிற்பகலில் அறையே 34 பாகையைத் தொட்டு நிற்கும். அந்த வேறுபாடு அப்படியே புரொசசரின் மேல் ஏறும். இன்டெல் புரொசசர்கள் பல 100 பாகையிலும், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95 பாகையிலும் வேகத்தைத் தாமே குறைத்துத் தம்மைக் காத்துக்கொள்ளும். கணினி இழுபடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். பாகங்களை இணைக்கும் மதர்போட்டிலும் மின்வழங்கும் பவர் சப்ளையிலும் உள்ள, மின்னைச் சேமித்துச் சீராக்கும் கப்பாசிற்றர்களுக்கு அத்தகைய காவல் கிடையாது. அவற்றில் திரவம் நிரம்பிய வகையின் ஆயுள், வெப்பம் 10 பாகை கூடினால் ஏறத்தாழப் பாதியாகும் என்பது நெடுங்காலமாக வழங்கும் கணக்கு.

எவ்வளவு காற்று தேவை என்பதையும் கணக்கிட்டே பார்க்கலாம். திரைக்கான படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்ட் பூட்டிய ஒரு கணினி 300 வாற்று வெப்பத்தை வெளியிடுகிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே போகும் காற்றைவிட வெளியே வரும் காற்று 10 பாகைக்கு மேல் சூடாகாதிருக்க, விநாடிக்கு ஏறத்தாழ 25 லீற்றர் காற்று பெட்டியைக் கடந்து செல்ல வேண்டும். நல்ல 120 மில்லிமீற்றர் விசிறி ஒன்று தடையேதுமில்லாத வெளியில் அவ்வளவைத் தள்ளக்கூடும். தூசுவலையும் கண்ணாடி மூடியும் மறைத்தால் தள்ளாது. ஆகவே முன்பக்கத்தில் இரண்டு விசிறிகள் காற்றை உள்ளிழுக்கவும், பின்பக்கத்தில் ஒன்று வெளியேற்றவும் வைப்பதே நல்ல தொடக்கம். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறத்தாழப் பாதியாகும். அது எடுக்கும் மின்வலுவோ எட்டில் ஒன்றளவுக்குக் குறையும், இரைச்சலும் பெரிதும் அடங்கும். ஒன்றை அலறவிடுவதைவிட இரண்டை மெதுவாகச் சுழலவிடுவது மேல்.

அண்மையில் கொக்குவிலில் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவரின் கணினியைப் பார்க்க நேர்ந்தது. முகப்பு முழுவதும் கண்ணாடி. அதன் ஓரத்தில் விரல்கூட நுழையாத இடுக்கு. உள்ளே வண்ண விளக்கு விசிறிகள் மூன்று, முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாக. மெல்லிய கடதாசித் துண்டை ஒவ்வொன்றின் முன்னும் பிடித்தபோது மூன்றுமே அதை வெளியே தள்ளின. காற்று உள்ளே வருவதற்கென்று ஒரு வழியும் வைக்கப்படவில்லை. பூட்டிக் கொடுத்த கடையில் இதை ஒருவரும் கவனித்திருக்கவில்லை. முன்விசிறிகள் இரண்டையும் திருப்பிப் பூட்டி, கண்ணாடியைக் கழற்றி வலைமூடி இட்ட பின்னர், அதே விளையாட்டில் 96 பாகையாக இருந்த புரொசசர் 80 பாகையளவில் நின்றது. செலவு வலைமூடிக்கு மட்டுமே. விசிறியின் சட்டத்தில் அம்புக்குறி இல்லாவிட்டாலும், மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகள் உள்ள பக்கமாகவே பொதுவாகக் காற்று வெளியேறும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

நம் நாற்சார் வீடுகளைக் கட்டியவர்கள் காற்று ஒரு புறத்தால் நுழைந்து மறுபுறத்தால் போக வழிவிட்டார்கள். கணினிப் பெட்டிக்கும் வேண்டியது அதுதான். மேற்புறத்தின் முன்பாதியில் வெளியேற்றும் விசிறியை வைத்தால், உள்ளே வந்த குளிர்ந்த காற்றை அது புரொசசரை அடைய முன்னரே வெளியே இழுத்துவிடும். மேலே வைப்பதானால் பின்பாதியில் வைக்க வேண்டும். கணினி மேசையின் அடைப்புக்குள் சுவரோடு ஒட்டப் பெட்டியைத் தள்ளி வைத்தால், வெளியேறிய சூடான காற்றே மீண்டும் முன்வழியாக உள்ளே போகும்.

பக்க மூடியைக் கழற்றிவிடுவது சில வேளைகளில் வெப்பத்தைக் குறைப்பது உண்மைதான். ஆயினும் வலிகாமத்துச் செம்மண் தூசும், கரையோர ஊர்களில் சோளகக் காற்று அள்ளிவரும் உப்பும் அவ்வழியாகத் தடையின்றி உள்ளே போகும். பல்லி புகுந்து மதர்போட்டில் மின்னொழுக்கு ஏற்பட்டால் இழப்பு பெரிது. மூடியை மூடி, உள்ளிழுக்கும் காற்று வெளியேற்றும் காற்றைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்படி அமைத்தால், இடுக்குகளின் வழியே தூசு இழுபடுவது குறையும். வலைகளை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் பூட்டலாம். உள்ளே தூசு ஊதும்போது மின்னைத் துண்டித்து, விசிறிகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்வது அவசியம்.

புரொசசருக்கும் குளிர்விப்பானுக்கும் இடையே பூசும் தேர்மல் பேஸ்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது மெல்லிய படலமாக இருந்தால் போதும். சில ஆண்டுகளில் காய்ந்துவிட்டால் துடைத்துப் புதிதாக இட வேண்டும். இன்டெல் புரொசசரோடு சேர்ந்து வரும் குளிர்விப்பானின் நான்கு முளைகளில் ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் எந்தப் பேஸ்டும் பயன்தராது.

எனவே, கணினி பூட்டிக் கொடுக்கும் நம் நகரத்துக் கடைக்காரர்களிடம் தங்கள் பத்திரிகை வாயிலாக ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். குளிரூட்டிய கடைக்குள் திரையை ஒளிரவைத்துக் காட்டியதும் கையளித்துவிடாமல், எல்லா மூடிகளையும் பூட்டிய நிலையில் அரை மணித்தியாலம் முழுச் சுமையில் ஓடவிட்டு, அப்போதைய புரொசசர் வெப்பநிலையையும் அறை வெப்பநிலையையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். பிள்ளைக்குக் கணினி வாங்கப்போகும் பெற்றோரும் அந்த இரண்டு எண்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொக்குவில்.