லாட்ஜ் ரிசப்ஷனில் கேட்கப்படாத கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்காக நீங்கள் வெளியிட்ட சுற்றுலா இணைப்பைப் படித்தேன். எங்கே தங்கலாம், எங்கே மீன் நன்றாக இருக்கும், வாடகை என்ன என்று எல்லாமே இருந்தது. நான் மாமல்லபுரத்தில் லாட்ஜ் ரிசப்ஷனில் வேலை பார்ப்பவன், அதனால் எங்கள் ஊரைப் பற்றிய பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தேன். ஆனால் இந்தத் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் யாருமே தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்களால் குழந்தைகளுக்கு நடக்கும் பாலியல் கொடுமையும், அதைத் தடுக்க லாட்ஜ்காரர்களும் டிராவல்ஸ்காரர்களும் என்ன செய்ய வேண்டும் என்பதும்தான் அது.

'அதெல்லாம் போலீஸ் வேலை, நமக்கெதுக்கு' என்றுதான் எங்கள் தொழிலில் பலரும் சொல்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. கெட்ட எண்ணத்தோடு வெளியூர் வருகிறவனுக்கு ஒரு அறை வேண்டும், ஒரு கார் வேண்டும், ஊரைத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். எல்லாமே எங்கள் தொழிலில் இருந்துதான் அவனுக்குப் போகிறது. போலீஸ் வருவது எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய பாஸ்போர்ட், விசா விவரங்களை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். சி ஃபார்ம் என்போம். ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் சரி, மறுநாள் தீபாவளி என்றாலும் சரி, எந்த ஓனரும் இதில் அலட்சியம் காட்டமாட்டார், ஏனென்றால் தவறினால் வழக்கு வரும் என்று தெரியும். அதேபோல, கல்யாணமாகாத ஒரு ஜோடி வந்தால் என்ன உறவு, எந்த ஊர், வீட்டுக்குத் தெரியுமா என்று ஆயிரம் கேள்வி கேட்டு, கடைசியில் ரூம் இல்லை என்று அனுப்பிவிடுகிற லாட்ஜ்கள் நம் மாநிலத்தில் எத்தனையோ இருக்கின்றன. வயது வந்த இருவர் சேர்ந்து தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. ஆனால் நாற்பது வயது ஆள் ஒருவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு வந்து நின்றால், அவருடைய ஆதாரை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, பெரியவர் ஒன்று, சிறியவர் ஒன்று என்று எழுதிச் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை யார் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய இடம் இதுதானே!

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ஒரு குழந்தைக்கு எதிராகக் குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. 20-ஆம் பிரிவில் ஓட்டல், லாட்ஜ் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள், குழந்தையைப் பாலியல் ரீதியாகச் சுரண்டும் படமோ பொருளோ எங்கள் கண்ணில் பட்டால் அதைப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு எதுவும் வராது என்ற பாதுகாப்பும் அதே 19-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் ராத்திரி ஷிஃப்டில் ரிசப்ஷனில் உட்காரும் பையனுக்கோ, அறை கூட்டுகிற அக்காவுக்கோ இதில் ஒரு வரியையாவது யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா? ஏசி ரிமோட் தொலைந்தால் யாரிடம் எவ்வளவு பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம், இதைச் சொல்லவில்லை.

கோவா இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1991-ல் மட்காவ் பக்கத்தில் ஃபிரெடி பீட்ஸ் என்பவன் கைது செய்யப்பட்டான். குருகுலம் என்ற பெயரில் ஆதரவற்ற பையன்களுக்கு விடுதி நடத்திவந்தவன். ஊர் அவனைத் தர்மவான் என்று நம்பிக்கொண்டிருந்தது. வீட்டைச் சோதனை போட்டபோது பிள்ளைகளை வைத்து எடுத்த ஆபாசப் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. கோவாவுக்கு வந்த வெளிநாட்டு ஆண்களுக்கு அந்தப் பையன்களை அவன் கொடுத்துக்கொண்டிருந்தான். 1996-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அதன் பிறகும் ஏழு வருஷம் கழித்துத்தான், 2003-ல், கோவா குழந்தைகள் சட்டம் வந்தது. குடும்பத்தோடோ உறவினரோடோ தங்குவதாகப் பதிவு இல்லாமல் எந்தக் குழந்தையும் ஓட்டல் அறைக்குள் போகக் கூடாது என்று அதில் இருக்கிறது. வளாகத்துக்குள் குழந்தைகளின் பாதுகாப்புக்கு ஓனரும் மேனேஜரும்தான் பொறுப்பு. கோவாவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் அங்கே ஒரு மேனேஜர் 'எனக்குத் தெரியாது சார்' என்று கைவிரிக்க முடியாது. அந்த மாதிரி ஒரு வரி தமிழ்நாட்டில் லாட்ஜ் நடத்தும் உரிமத்தோடு சேர்ந்து வர வேண்டும், அதுதான் நான் கேட்பது.

எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவனிடம் இதைப் பேசியபோது, 'அண்ணே, சொந்த அப்பாவா இருந்துட்டா? என்னைச் சந்தேகப்படுறியான்னு சட்டையைப் பிடிச்சுட்டா என்ன பண்றது?' என்று கேட்டான். நியாயமான பயம். தத்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள், மனைவியை இழந்து தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அக்கா மகளைச் சுற்றிக்காட்டக் கூட்டிவரும் தாய்மாமன்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரையும் அவமானப்படுத்தக் கூடாது. அதனால்தான் ஆள் பார்த்துக் கேட்காமல் எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்கிறேன். குழந்தையோடு வருகிற ஒவ்வொருவரிடமும் குழந்தையின் ஆதாரோ பள்ளி அடையாள அட்டையோ கேட்டு, உறவு என்ன என்று பதிவேட்டில் எழுதிவிட்டால் அது வழக்கமாகிவிடும், அப்புறம் யாருக்கும் கோபம் வராது. பேச்சுக் கொடுத்தாலே பாதி தெரிந்துவிடும். பாப்பா எந்த கிளாஸ் படிக்கிறாய் என்று கேட்டால் குழந்தைக்கு முன்னால் அந்த ஆள் முந்திக்கொண்டு பதில் சொல்வது, இருவரும் வேறு வேறு பாஷை பேசுவது, இரண்டு நாள் தங்க வந்த பிள்ளைக்கு மாற்று உடைகூட இல்லாமல் இருப்பது, அறையைப் பெருக்க உள்ளே விடாமல் கதவைச் சாத்தியே வைத்திருப்பது. இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. எல்லாம் சேர்ந்து உறுத்தினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ அவசர உதவி எண் 112-க்கோ போன் செய்வது நம் கடமை. விசாரிப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த விஷயம் என்றாலே வெள்ளைக்காரர்கள் ஞாபகம்தான் பலருக்கும் வருகிறது. கோவா வழக்கு அப்படி, மும்பையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான ஆங்கரேஜ் காப்பகத்தில் நடந்த கொடுமை வழக்கும் அப்படி, அதில் இரண்டு பிரிட்டிஷ்காரர்களுக்கு விசாரணை நீதிமன்றம் கொடுத்த தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-ல் உறுதி செய்தது. ஆனால் குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டலை எதிர்த்து இயங்கும் எக்பாட் அமைப்பு 2016-ல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வு, குற்றம் செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் சொந்த நாட்டிலேயோ அக்கம்பக்கத்து நாடுகளிலேயோ பயணம் செய்பவர்கள் என்று சொல்கிறது. வார இறுதியில் காரில் வந்து இறங்குகிற நம்மூர் ஆட்களையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ரிசப்ஷனே இல்லாத வாடகை வீடுகளை ஆப்பில் பிடித்து, கதவுப் பூட்டின் நம்பரை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு உள்ளே போகிற காலம் இது. அங்கே யார் பார்ப்பது என்பதற்கு அந்த ஆப் நடத்தும் நிறுவனங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காப்பகத்தைப் பார்க்கக் கூட்டிப் போவதை டூர் திட்டத்திலேயே சேர்த்துக் கொடுக்கிற டிராவல்ஸ்காரர்கள் இருக்கிறார்கள். காலையில் கடற்கரைக் கோயில், மதியம் காப்பகத்துப் பிள்ளைகளோடு சாப்பாடு, சாயந்திரம் ஷாப்பிங். முன்பின் தெரியாதவர்கள் வந்து பிள்ளைகளை மடியில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், யார் என்ன என்று யாரும் விசாரிப்பதில்லை. பிறந்தநாளுக்குக் காப்பகத்தில் அன்னதானம் செய்யும் நம் மக்களுடைய மனசை நான் குறை சொல்லவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வந்தாலும் அந்தப் பிள்ளைகள் சாப்பிடத்தான் போகிறார்கள். கம்போடியாவில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துக் காசு கொடுக்கக் கொடுக்கக் காப்பகங்கள் பெருகின, அங்கே இருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள் என்று பிறகு யுனிசெஃப் சொன்னது. பிள்ளைகளைக் காட்சிப்பொருளாக விற்பதை டிராவல்ஸ்காரர்கள் இன்றைக்கே நிறுத்தலாம், அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உறுதிமொழிகளுக்குக் குறைவில்லை. 1998-லேயே சுவீடனில் டூர் நிறுவனங்களும் குழந்தை உரிமை அமைப்பினரும் சேர்ந்து நடத்தை விதிகள் எழுதினார்கள், ஊழியருக்குப் பயிற்சி கொடுப்பது அதில் முக்கியமான ஒன்று. நம் மத்திய சுற்றுலா அமைச்சகமும் 2010-ல் பாதுகாப்பான, கண்ணியமான சுற்றுலாவுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. நல்ல விதிகள்தான், ஆனால் உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவது என்ற அளவில்தான் இருக்கின்றன. தீயணைப்புச் சான்றிதழ் இல்லையென்றால் லாட்ஜுக்குச் சீல் வைக்கலாம் என்றால், ஊழியர்களுக்கு இந்தப் பயிற்சி கொடுத்ததற்குச் சான்று எங்கே என்று ஒரு அதிகாரி ஏன் கேட்கக் கூடாது? சுற்றுலாத் துறையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் சேர்ந்து அரை நாள் வகுப்பு எடுத்தாலே போதும். ரூம் பாய், டிரைவர், கைடு எல்லோரையும் அதில் உட்கார வைக்க வேண்டும். பார்க்கப் போனால் டிரைவருக்குத்தான் மற்ற எல்லோரையும்விட அதிகம் தெரியும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த சுற்றுலா இணைப்பில் ஓட்டல் பட்டியல் போடும் பக்கத்தில் 1098 என்ற எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். பட்டியலில் இடம் கேட்டு வருகிற ஓட்டல்களிடம், குழந்தையோடு வருகிறவர்களிடம் உங்கள் ரிசப்ஷனில் என்ன கேட்பீர்கள் என்று உங்கள் நிருபர் கேட்கட்டும், வந்த பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மாமல்லபுரம், செங்கல்பட்டு மாவட்டம்