இரண்டாவது பெயரையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர்கள் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். துணைக்கு நிற்பவர் தம் சொந்த மாநிலத்தை வென்று கொடுப்பார், கட்சிக்கு அதுவே பெரிய லாபம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். பழைய முடிவுகளைப் பார்த்தால் கணக்கு அப்படி வரவில்லையே! 1988-ல் டெக்சஸ்காரரான லாய்ட் பென்ட்சன் துணைக்கு நின்றும் அதிபர் வேட்பாளர் டுகாக்கிஸ் டெக்சஸில் தோற்றார். 2004-ல் வட கரோலினாவின் ஜான் எட்வர்ட்ஸ், 2012-ல் விஸ்கான்சினின் பால் ரயன், இருவரும் சொந்த மாநிலத்தையே பிடித்துத் தரவில்லை.

1960-ல் லிண்டன் ஜான்சன் இருந்ததால் டெக்சஸ் கென்னடிக்குக் கிடைத்தது என்பார்கள். சரி, ஏறத்தாழ 46,000 வாக்கு வித்தியாசத்தில் கிடைத்தது. ஆனால் ஜான்சன் டெக்சஸோடு நிற்கவில்லை. ரயிலேறித் தென் மாநிலங்களைச் சுற்றினார். வடக்கிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கர் மீது அங்குள்ளவர்களுக்கு இருந்த சந்தேகத்தை அவர்களுடைய பேச்சிலேயே பேசித் தணித்தார். தலைவர் மீது மக்களுக்கு என்ன தயக்கமோ அதைத் தீர்க்கிறவர்தான் கட்சிக்கு வாக்குச் சேர்க்கிற துணை. தயக்கத்தைக் கூட்டுகிறவரும் உண்டு. 2008-ல் ஜான் மெக்கெய்னுக்கு வயது 72. அவர் சாரா பேலினை அறிவித்ததும் முதலில் கூட்டம் சேர்ந்தது, கருத்துக் கணிப்பிலும் ஏறினார். நாளாக ஆக, இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாட்டை அந்த அம்மாவா நடத்துவார் என்ற கேள்வி வந்துவிட்டது.

கமலா ஹாரிஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்று 2020-ல் நம் காப்பிக் கடைகள்வரை பெருமை பேசினோம். அதே கமலா 2024-ல் தலைமை வேட்பாளராக நின்றபோது மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸைச் சேர்த்துக்கொண்டார். மினசோட்டா 1976 முதல் அவர் கட்சிக்கே வாக்களித்து வரும் மாநிலம். அவருக்குக் கட்டாயம் வேண்டியிருந்த பென்சில்வேனியாவும் மிச்சிகனும் விஸ்கான்சினும் கைநழுவிப் போயின.

இதெல்லாம் தூரத்துக் கதை. நம் மலேசியாவிலும் ஒருமுறை இது நடந்திருக்கிறது, கட்டுரையில் அதைக் காணோம். 2018 ஜனவரி 7-ஆம் தேதி ஷா ஆலமில் எதிர்க்கட்சிக் கூட்டணியான பாக்காத்தான் ஹராப்பான் முன்னாள் பிரதமர் துன் மகாதீரைப் பிரதமர் வேட்பாளராகவும் வான் அசிசாவைத் துணைப் பிரதமர் வேட்பாளராகவும் அறிவித்தது. ஆட்சி மாறினால் என்ன ஆகுமோ என்று பயந்த மலாய்க்கார வாக்காளர்களுக்கு மகாதீர் தெரிந்த முகம். அன்வாரை மகாதீர் பதவி நீக்கியபின் எழுந்த ரிஃபார்மாசி இயக்கத்தினர் மகாதீரை நம்பவில்லை; அவர்களுக்கு அன்வாரின் மனைவி வான் அசிசா உத்தரவாதம். ஒருவர் மீதிருந்த சந்தேகத்துக்கு மற்றவர் பதில். ஜிஎஸ்டி வரியும் 1எம்டிபி நிதி ஊழலும் இல்லாமல் இந்த ஜோடி மட்டும் மே 9-ஆம் தேதி ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணியைக் கவிழ்த்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பெயரையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓட்டுக் கேட்டார்கள். (பிறகு 2020-ல் அந்த ஆட்சி விழுந்தது வேறு விஷயம்.) 2022-ல் நாம் ஓட்டுப் போட்டு முடித்த பிறகுதான் அமாட் சாஹிட், ஃபடில்லா யூசோப் என்று இரண்டு துணைப் பிரதமர்கள் வருவது தெரிந்தது.

நான் இருப்பது சுங்கை சிப்புட். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் பெரும்பாலும் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) வந்துவிட்ட ஊர். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர்களான துன் சம்பந்தன், துன் சாமிவேலு என்று பெரிய பெயர்கள் நின்ற தொகுதி என்பதால் எல்லாரும் நாடாளுமன்ற வேட்பாளரையே பேசுவார்கள். அந்த வேட்பாளர் பக்கத்தில் நிற்கிற சட்டமன்ற வேட்பாளர்களைப் பற்றி வெளியூரில் யாரும் கேட்பதில்லை. பேராக்கில் 2022-லும் ஒரே நாளில் இரண்டு வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். எங்களுக்கு நாடாளுமன்றத்துக்கு ஒன்று, லிந்தாங் அல்லது ஜாலோங் சட்டமன்றத்துக்கு ஒன்று.

மலேசியாவில் இந்தியர் பெரும்பான்மையாக இருக்கும் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே எந்தக் கட்சி நிறுத்தினாலும் தமிழ் வேட்பாளர் தமிழர் ஓட்டை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது. மலாய்க் கம்பத்திலும் (கிராமத்திலும்) சீனப் புதுக்கிராமத்திலும் உள்ளே இருக்கும் ஓராங் அஸ்லி பழங்குடியினர் குடியிருப்புகளிலும் 'இவரை எனக்குத் தெரியும், நம்பலாம்' என்று சொல்ல இன்னொருவர் வேண்டும். அவர் பெரும்பாலும் அந்தச் சட்டமன்ற வேட்பாளர்தான். பதிலுக்கு அவருக்காகத் தாமானில் நம்மிடம் பேச வேண்டியவர் தமிழ் வேட்பாளர். ஜான்சன் தெற்கில் செய்த வேலை இங்கே இரண்டு பக்கமும் நடந்தாக வேண்டும்.

2008-ல் இங்கே நடந்ததைப் பாருங்கள். தேசிய முன்னணியின் சாமிவேலுவை எதிரணியின் டாக்டர் ஜெயகுமார் தோற்கடித்தார், நாடே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கே ஜாலோங் எதிரணியைச் சேர்ந்த ஜனநாயக செயல் கட்சிக்குப் போனது, லிந்தாங்கோ தேசிய முன்னணியிடமே நின்றது. மக்கள் இரண்டு சீட்டையும் தனித்தனியாக யோசித்துத்தான் குத்துகிறார்கள். ஒரு பெரிய பெயரைக் காட்டி இரண்டையும் வாங்கிவிடலாம் என்பது கட்சிக்காரர்களின் கற்பனை.

ஜெயித்த பிறகும் இந்த ஜோடிக்கு வேலை இருக்கிறது. நிலமும் ஊராட்சி மன்றமும் மாநிலத்தின் கையில், கல்வி மத்திய அரசின் கையில். தோட்டத்துக் கோயிலுக்கு, இடுகாட்டுக்கு, வீட்டுக்கு நிலப்பட்டா வேண்டும் என்றால் சட்டமன்றத்துக்காரரிடம் போக வேண்டும். தமிழ்ப்பள்ளிக்குக் கட்டடம் என்றால் நாடாளுமன்றத்துக்காரரிடம். அந்தப் பள்ளியை வேறு இடத்துக்கு மாற்றுவது என்றால் இருவருமே வேண்டும். இவர்கள் ஒரே கட்சியாக இருந்தும் பேசிக்கொள்ளாதவர்கள் என்றால் நமக்கு என்ன பிரயோசனம்?

நடைமுறையில் என்ன நடக்கிறது? தலைமைக்கு எந்தப் பிரிவு கோபித்துக்கொள்ளக் கூடாதோ அந்தப் பிரிவுக்கு ஒரு சட்டமன்ற இடம். வேட்புமனுத் தாக்கலுக்குச் சில நாள் இருக்கும்போது பெயர் வருகிறது. செராமா (பிரச்சாரக் கூட்ட) மேடையில் இருவரும் ஒரே போஸ்டரின் கீழே நின்று கையை உயர்த்துகிறார்கள், அப்புறம் தனித்தனி வண்டியில் தனித்தனியாகப் பிரச்சாரம். 18 வயதிலேயே ஓட்டு வந்துவிட்ட பிள்ளைகள் இதைக் கவனிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறார்களா?

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தல் பேச்சு தொடங்கும்போது நாடாளுமன்ற வேட்பாளரை மட்டும் பேட்டி காணாதீர்கள். சட்டமன்றத்துக்கு நிற்பவரையும் கூடவே உட்கார வைத்து, கோயில் நிலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருவரும் யார் யார் என்ன செய்வார்கள் என்று கேட்டு அதை அப்படியே போடுங்கள். இரண்டாமவர் இன்னும் முடிவாகவில்லை என்று எந்தக் கட்சியாவது சொன்னால், தயவுசெய்து அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்